அமெரிக்க மருந்துத் துண்டில் யாருடைய கையொப்பம் செல்லும்?

அமெரிக்காவில் பிள்ளைகளுடன் நாலைந்து மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் மருந்துப் போத்தல்களைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதை எழுதியவர் டொக்டரா, இல்லையா? அரச வைத்தியசாலையில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பாமசியில் மாலை வேளைகளில் நிற்கிறேன். அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்வதில் பயனில்லை என்பதுதான் என் அனுபவம். கட்டுப்படுத்தப்பட்ட மருந்தொன்றை அமெரிக்காவில் யார் எழுதலாம் என்பதை எழுதியவரின் பட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் எந்த மாநிலத்தில் இருந்து எழுதினார், எந்த மருந்தை எழுதினார், எந்த இடத்தில் வைத்து எழுதினார் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இதன் அடிப்படை 1970ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1971 மே மாதம் நடைமுறைக்கு வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம். அது போதையோ அடிமைத்தனமோ உண்டாக்கக்கூடிய மருந்துகளை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தது. முதலாம் அட்டவணையில் உள்ளவற்றை எவரும் மருந்தாக எழுத முடியாது. ஹெரோயின் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் அட்டவணையில் மோர்பின், ஒக்சிகோடோன், பென்டனில், மெதடோன் ஆகியவற்றோடு, கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் மெதில்பெனிடேற்றும் இருக்கிறது. மூன்றாவதில் கெற்றமின், பியூபிரனோர்பின், பரசிற்றமோலோடு சேர்ந்த கோடீன் முதலியன. நான்காவதில் நம் ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்த டயசிபாம், அல்பிரசோலாம், குளோனசிபாம், ட்ரமடோல். ஐந்தாவதில் சிறிதளவு கோடீன் கலந்த இருமல் பாணிகளும் பிரிகபலினும். இரண்டாம் அட்டவணை மருந்துக்கு ஒரு துண்டில் ஒரு முறைதான் மருந்து கிடைக்கும், மீள்நிரப்பல் கிடையாது. மூன்றாம், நான்காம் அட்டவணை மருந்துகளை ஆறு மாதத்துக்குள் ஐந்து தடவை வரை மீள நிரப்பலாம்.

இந்த மருந்துகளை எழுதுகிறவரிடம் இரண்டு அனுமதிகள் இருக்க வேண்டும். முதலாவது, அவர் தொழில் பார்க்கும் மாநிலம் தன் சட்டத்தின் மூலம் அவருடைய தொழிலுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டாவது, டி.ஈ.ஏ. என்று அழைக்கப்படும் மத்திய போதைப்பொருள் அமலாக்க நிர்வாகத்தில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டாவது முதலாவதைத் தொடர்ந்தே வரும். மாநிலம் கொடுக்காத அதிகாரத்தை டி.ஈ.ஏ. கொடுப்பதில்லை. மாநிலம் கொடுத்ததை மத்திய சட்டம் சில வேளைகளில் மேலும் இறுக்கலாம். பதிவு மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். இரண்டு மாநிலங்களில் இந்த மருந்துகளைக் கையாளுகிறவர் இரண்டு பதிவுகள் வைத்திருக்க வேண்டும்.

எல்லா மாநிலங்களிலும் ஐயமின்றி எழுதக்கூடியவர்கள் மருத்துவர்களும், பல் வைத்தியர்களும், பாத வைத்தியர்களும், மிருக வைத்தியர்களும் ஆவர். இவர்களும் தத்தம் தொழிலின் எல்லைக்குள் நின்றே எழுத வேண்டும். பல் வைத்தியர் பல்லுக்கு எழுதலாம், தன் மாமியாரின் நித்திரையின்மைக்கு எழுத முடியாது. இங்கு ஒரு சிறு குறிப்பு. போத்தலில் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்பதற்குப் பதிலாக டி.ஓ. (ஒஸ்ரியோபதி மருத்துவப் பட்டம்) என்று இருந்தால் பலர் முகம் சுளிக்கிறார்கள். அமெரிக்காவில் டி.ஓ. என்பவர் அறுவைச் சிகிச்சை உட்பட எல்லாம் செய்யக்கூடிய முழு மருத்துவர். எலும்பைப் பிடித்துவிடுகிறவர் என்று நினைத்து அவருடைய மருந்தை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

சிக்கல் தொடங்குவது நேர்ஸ் பிராக்டிஷனர் (மேற்படிப்புப் படித்து, நோயாளரைப் பரிசோதித்து மருந்தெழுதும் தாதி), பிசிசியன் அசிஸ்டன்ற் என்ற இரு தொழில்களில்தான். அண்மையில் கொக்குவிலைச் சேர்ந்த ஓர் அம்மா ஹூஸ்டனில் மகள் வீட்டில் தோள் நோவுக்கு வாங்கிய ட்ரமடோல் போத்தலை மேசையில் வைத்து, “தம்பி, இதை எழுதினது டொக்டர் இல்லையாம், ஒரு நேர்ஸாம். நம்பிக் குடிக்கலாமோ?” என்று கேட்டார். செம்மஞ்சள் நிறத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் போத்தல். அழுத்தித் திருகினால் மட்டும் திறபடும் வெள்ளை மூடி. சுற்றி ஒட்டிய லேபலில் அம்மாவின் பெயர், மருந்தின் பெயரும் அளவும், எழுதியவரின் பெயர், மீள்நிரப்பல் பூச்சியம் என்ற குறிப்பு. அடியில், கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப் பிடித்து வாசிக்க வேண்டிய சிற்றெழுத்தில், எழுதப்பட்ட நோயாளியைத் தவிர வேறெவருக்கும் இதைக் கைமாற்றுவதை மத்திய சட்டம் தடை செய்கிறது என்ற எச்சரிக்கை. இரண்டாம், மூன்றாம், நான்காம் அட்டவணை மருந்துகளின் லேபலில் அந்த வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். ஆகவே தங்கள் கையிலிருப்பது கட்டுப்பாட்டு மருந்தா என்று அறிய விரும்புகிறவர்கள் முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான். “தங்கச்சிக்கும் முழங்கால் நோ, அவவுக்கு ரெண்டு குடுத்தா என்ன?” என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. அந்த வரியையே வாசித்துக் காட்டினேன்.

அம்மாவின் போத்தலில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. டெக்சாஸ் மாநிலத்தில் நேர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர், தமக்கு அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கும் மருத்துவர் ஒருவருடன் எழுத்திலான உடன்படிக்கை வைத்திருந்தால், மூன்றாம் அட்டவணை முதல் ஐந்தாம் அட்டவணை வரையான மருந்துகளை மீள்நிரப்பல் உட்படத் தொண்ணூறு நாட்களுக்கு எழுதலாம். அதற்கு மேல் நீடிக்க வேண்டுமானால், அல்லது நோயாளி இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையானால், அந்த மருத்துவரோடு கலந்து பேசிக் குறிப்பெழுதி வைக்க வேண்டும். ட்ரமடோல் நான்காம் அட்டவணையில் இருப்பதால் அவர் எழுதியது செல்லும். ஆனால் அதே ஆள், அதே அம்மாவுக்கு, தமது கிளினிக்கில் இருந்துகொண்டு ஒக்சிகோடோன் எழுதியிருக்க முடியாது. இரண்டாம் அட்டவணை மருந்தை அவர் டெக்சாஸில் எழுதக்கூடிய இடங்கள் மிகச் சில: இருபத்துநான்கு மணித்தியாலமோ அதற்கு மேலோ தங்குவதற்கென வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவருக்கு, அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு, அல்லது இறுதிக்கால ஆதரவுச் சிகிச்சையில் உள்ளவருக்கு. வைத்தியசாலையில் எழுதிய அந்தத் துண்டும் அந்த வைத்தியசாலையின் பாமசியிலேயே நிரப்பப்பட வேண்டும்.

டெக்சாஸின் எல்லையைத் தாண்டி மேற்கே நியூ மெக்சிகோவுக்குள் போனால் கதை வேறு. அங்கேயும், அரிசோனா, ஒரேகன், வாஷிங்டன் போன்ற மாநிலங்களிலும் நேர்ஸ் பிராக்டிஷனர் எந்த மருத்துவரின் மேற்பார்வையும் இல்லாமல் இரண்டாம் அட்டவணை உட்பட எழுத முடியும். புளோரிடா இந்த விடயத்தில் கடைசியாக வந்து சேர்ந்த மாநிலம். 2016இல் இயற்றப்பட்டு 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்கு முன்னர், அங்கே நேர்ஸ் பிராக்டிஷனர்கள் கட்டுப்பாட்டு மருந்து எதையும் எழுத முடியாதிருந்தது. இப்போது எழுதலாம், ஆனால் இரண்டாம் அட்டவணை மருந்து ஏழு நாட்களுக்கு மட்டும். மனநலத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் மனநல மருந்துகளை எழுதும்போது அந்த ஏழு நாள் எல்லை பொருந்தாது. மிசூரியில், இறுதிக்கால ஆதரவுச் சிகிச்சையில் உள்ளவர்களை விட்டால், இரண்டாம் அட்டவணை மருந்துகளுள் ஹைட்ரோகோடோனை மட்டும், அதுவும் ஐந்து நாளுக்கு எழுதலாம்.

ஒரே ஒரு மருந்துக்கு ஏன் இப்படி ஒரு விலக்கு என்று கேட்டால், அதற்கான விடை 2014 ஒக்ரோபர் 6ஆம் திகதியில் இருக்கிறது. அதுவரை பரசிற்றமோலோடு சேர்ந்த ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் மூன்றாம் அட்டவணையில் இருந்தன. அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதப்பட்ட நோ மருந்தும் அதுதான். அன்று டி.ஈ.ஏ. அதை இரண்டாம் அட்டவணைக்கு உயர்த்தியது. அதற்காக மாநிலங்கள் தம் சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றத் தேவையிருக்கவில்லை. ஆனாலும், தம் தாதியருக்கும் கண் பரிசோதகருக்கும் “மூன்றாம் அட்டவணை வரை” என்று எழுதிவைத்திருந்த மாநிலங்களில், முதல் நாள் வரை அந்த மாத்திரையைச் சட்டப்படி எழுதியவர்கள் மறுநாள் எழுத முடியாதவர்களாகிவிட்டார்கள். சில மாநிலங்கள் பிறகு தம் சட்டத்தைத் திருத்தி, அந்த ஒரு மருந்தின் பெயரைச் சொல்லியே கதவைத் திறந்துவிட்டன. மத்திய அரசின் அட்டவணையும் மாநிலத்தின் அதிகாரமும் எவ்வளவு இறுக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிசிசியன் அசிஸ்டன்ற் என்பவர் மருத்துவருடன் சேர்ந்து தொழில் பார்க்கும் பயிற்சி பெற்றவர். அவர்களுக்குக் கட்டுப்பாட்டு மருந்து எழுதும் அனுமதியைக் கடைசியாகக் கொடுத்த மாநிலம் கென்டக்கி, அதுவும் 2020இல்தான். கண் பரிசோதகர்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட, பெரும்பாலும் குறுகிய அனுமதி உண்டு. உளவியலாளர்கள் மேலதிக மருந்தியல் பயிற்சி பெற்று மனநல மருந்துகளை எழுத 2002இல் நியூ மெக்சிகோ முதலில் வழி திறந்தது. லூசியானா, இலினோய், அயோவா, ஐடஹோ, கொலராடோ, யூட்டா ஆகியவை பின்னர் சேர்ந்துகொண்டன. லூசியானாவில் அவர்கள் மோர்பின் வகையைத் தொட முடியாது. மருத்துவருடன் உடன்படிக்கை செய்துகொண்ட மருந்தாளர்களுக்கும் சில மாநிலங்கள் இந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கின்றன. நாற்பது வருடம் பிறர் எழுதியதை வாசித்துக் கொடுத்தே பழகிய எனக்கு அது சற்று ஆசையூட்டும் செய்தி என்பதை மறைக்கவில்லை.

எழுதியவரின் பதிவு இலக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு மருந்தாளரின் கண் முதலில் போகும் இடம் அதுதான். டி.ஈ.ஏ. இலக்கம் இரண்டு எழுத்துகளும் ஏழு எண்களும் கொண்டது. முதல் எழுத்து பதிவின் வகையைக் காட்டும். மருத்துவர், பல் வைத்தியர் முதலியோருக்கு ஏ, பி, எஃப் போன்றவை. நேர்ஸ் பிராக்டிஷனர் முதலியோருக்கு எம். இரண்டாவது எழுத்து வழக்கமாக எழுதுபவரின் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. ஏழாவது எண் சரிபார்ப்பதற்கானது. உதாரணமாக 1234563 என்ற இலக்கத்தை எடுத்துக்கொண்டால், முதலாம், மூன்றாம், ஐந்தாம் எண்களைக் கூட்ட 9 வரும். இரண்டாம், நான்காம், ஆறாம் எண்களைக் கூட்ட 12, அதை இரட்டிக்க 24. இரண்டையும் சேர்க்க 33. அதன் கடைசி எண் 3, இலக்கத்தின் கடைசி எண்ணும் 3. பொருந்தாவிட்டால் துண்டு போலி என்று உடனே தெரிந்துவிடும். பொருந்துவதால் மட்டும் உண்மையானதாகிவிடாது. கணக்குத் தெரிந்த கள்ளனும் இருப்பான். அதனால்தான் அமெரிக்க விதிமுறை, நியாயமான மருத்துவத் தேவைக்காகவே எழுதப்பட்டதா என்று பார்க்கும் பொறுப்பில் ஒரு பங்கை மருந்தைக் கொடுக்கும் மருந்தாளரின் தலையிலும் வைத்திருக்கிறது. ஐயம் இருந்தால் அவர் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

மாநிலம் கொடுத்ததை மத்திய சட்டம் இறுக்கும் என்று மேலே சொன்னதற்கு பியூபிரனோர்பின் ஒரு சான்று. மூன்றாம் அட்டவணை மருந்து. நோவுக்கு எழுதுவதில் தடையில்லை. ஆனால் ஹெரோயின் போன்றவற்றுக்கு அடிமையானவரை மீட்பதற்கு எழுத வேண்டுமானால், 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி அனுமதி பெற்ற மருத்துவர்கள் மட்டுமே எழுதலாம் என்று இருந்தது. 2016இல் நேர்ஸ் பிராக்டிஷனர்களும் பிசிசியன் அசிஸ்டன்ற்களும் சேர்க்கப்பட்டார்கள். 2022 டிசெம்பர் இறுதியில் கையெழுத்தான சட்டம் அந்தத் தனி அனுமதியையே நீக்கிவிட்டு, டி.ஈ.ஏ. பதிவு பெறுகிறவர்கள் எட்டு மணித்தியாலப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று மாற்றியது. நோயை உண்டாக்கும் மருந்தை எந்த மருத்துவரும் எழுதலாம், அந்த நோயிலிருந்து மீட்கும் மருந்துக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும் என்ற விநோதம் இருபது வருடத்துக்கு மேல் நீடித்தது.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டமும், 1929ஆம் ஆண்டு நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமும், 2015ஆம் ஆண்டு தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் தீவு முழுவதற்கும் பொதுவானவை. பருத்தித்துறையில் எழுதக்கூடிய வைத்தியர் தெய்வேந்திரமுனையிலும் எழுதலாம்; தாதியர் இரண்டு இடத்திலும் எழுத முடியாது. மாகாண அதிகாரம் பற்றி இவ்வளவு பேசும் நாம் இந்த ஒன்றில் அதைக் கேட்கவில்லை, கேட்காததே நல்லது.

ஆனால் மருத்துவப் பட்டம் இல்லாதவர் மருந்தெழுதுவதைக் கண்டு நாம் வியக்க நியாயமில்லை. யாழ்ப்பாணக் கிராமங்களில் ஒரு தலைமுறைக்கு வைத்தியர் என்றாலே அப்போதிக்கரி ஐயாதான். பின்னர் உதவி வைத்திய அதிகாரி என்றும், ஆர்.எம்.பி. என்றும் அழைக்கப்பட்ட அவர்கள், யுத்த காலத்தில் பட்டம் பெற்ற வைத்தியர்கள் இல்லாத கிராமிய வைத்தியசாலைகளைத் தாங்கிப் பிடித்தார்கள். மருந்துத் தட்டுப்பாட்டின் நடுவே ஒரு பெதிடீன் ஊசியை யாருக்குக் கொடுப்பது என்று அவர்கள் தீர்மானித்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். இன்னும் பின்னோக்கிப் போனால், 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் இருந்து நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மசாசூசெற்ஸ் மாநிலத்துக்காரர். அந்த மசாசூசெற்ஸ், 2021 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தின் மூலம், போதிய அனுபவமுள்ள நேர்ஸ் பிராக்டிஷனர்களை மேற்பார்வையின்றி மருந்தெழுத விட்டிருக்கிறது.

தாதியரின் கையை இறுக்கினால் போதை மாத்திரை குறையும் என்ற வாதம் எனக்கு உடன்பாடில்லை. 1996இல் பர்டியூ நிறுவனம் ஒக்சிகொன்ரின் என்ற ஒக்சிகோடோன் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அமெரிக்காவில் எழுந்த வெள்ளத்தில், புளோரிடாவின் மாத்திரை ஆலைகள் என்று பெயரெடுத்த கிளினிக்குகளில் கையெழுத்திட்டவர்கள் முழு அதிகாரம் பெற்ற மருத்துவர்கள். அந்தக் காலத்தில் அங்கே நேர்ஸ் பிராக்டிஷனரால் ஒரு டயசிபாம்கூட எழுத முடியாது. 2011இல் புளோரிடா, மருத்துவர்கள் இந்த மருந்துகளைத் தம் கிளினிக்கிலேயே விற்பதைத் தடை செய்தது. ஒருவர் எத்தனை பேரிடம் எழுதுவித்து எத்தனை பாமசிகளில் வாங்கினார் என்பதைக் காட்டும் மின்பதிவேட்டை மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்படுத்தின. கடைசியாக மிசூரி 2021இல் அதற்குச் சட்டம் இயற்றியது. எழுதும் கையின் பட்டத்தைவிட அந்தப் பதிவேட்டுக்குத்தான் நான் அதிக மதிப்பளிப்பேன். பிரிகபலினும் ட்ரமடோலும் போதை மாத்திரைகளாகப் பிடிபடும் செய்திகளை நம் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். ஆனால் மேசையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு நான் பார்க்கக்கூடியது முத்திரையையும் கையெழுத்தையும் மட்டும்தான்.

பயணம் போகிறவர்களுக்குச் சில விடயங்கள். நம் வைத்தியரின் துண்டில் உள்ள கட்டுப்பாட்டு மருந்தை அமெரிக்கப் பாமசி கொடுக்காது. வைத்தியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவரிடம் டி.ஈ.ஏ. பதிவு இல்லை. ஆகவே குளோனசிபாம் போன்றவற்றை நிறுத்தாமல் எடுக்க வேண்டியவர்கள், இருக்கும் காலத்துக்குத் தேவையானதைக் கொண்டு போக வேண்டும், அல்லது அங்கே ஒருவரிடம் காட்டி எழுதுவிக்க வேண்டும். கொண்டு போவதானால், மருந்து கொடுக்கப்பட்ட மூலக் கொள்கலனிலேயே இருக்க வேண்டும், விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் சொல்லவும் வேண்டும் என்பது அமெரிக்க விதி. நாம் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் கடதாசி உறைக்குள் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று பேனையால் கீறிக் கொடுக்கும் வழக்கம் அங்கே உதவாது. அப்படிப் போகிறவர்கள் முழு அட்டையாக, பெட்டியோடு கேட்டு வாங்குங்கள். பெயர், மருந்து, அளவு, காரணம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய கடிதமொன்றை வைத்தியரிடம் பெறுங்கள். அங்கே எழுதியவர் யார் என்று ஐயம் வந்தால், அந்த மாநிலத்தின் தாதியர் சபையோ மருத்துவ சபையோ வைத்திருக்கும் இணையத்தளத்தில் பெயரைத் தேடி அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்க்கலாம். பேரப்பிள்ளையிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லும்.

பிள்ளைக்கு அங்கே வைத்தியரைக் காட்டக் காசு அதிகம் என்று சொல்லி, மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் போகும் பார்சலுக்குள் டயசிபாம் அட்டை இரண்டைச் செருகி அனுப்பலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. கூடாது. அது பதிவில்லாமல் கட்டுப்பாட்டு மருந்தை இறக்குமதி செய்த குற்றமாகும். வழக்கு வந்தால் அது பார்சலில் பெறுநராக எழுதப்பட்டிருக்கும் உங்கள் பிள்ளையின் பெயரிலும் வரலாம்.